பழைய பொக்லைன்: சூடேறினால் ‘தொடர்புப் பிழை’. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான ஈசியுவை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

செம்மண் (கரூர்)

அனைவருக்கும் வணக்கம். பரமத்தி பக்கம் கல்குவாரியில் ஓடுகிற 20 டன் வகைப் பொக்லைன். பாறை உடைக்கும் பிரேக்கரும் பக்கெட்டும் மாற்றி மாற்றிப் போடுவோம். ஆடி மாதத்தில் வண்டி வாங்காதே என்று வீட்டில் தடுத்தார்கள். விலை படிந்துவிட்டதால் செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டேன். இப்போது எது நடந்தாலும் ஆடியின் கணக்கில் எழுதுகிறார்கள்.

காலையில் எந்தக் குறையும் இல்லை. வெயில் ஏறி, ஆயிலும் சூடாகி, பிரேக்கர் அடிக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பஸ்ஸர் கத்துகிறது. மானிட்டரில் இன்ஜின் வெப்பம், ஆயில் பிரஷர் எல்லாம் கோடு கோடாக மாறிவிடுகின்றன. ‘தொடர்புப் பிழை’ என்று வருகிறது. இன்ஜின் ஏதோ ஒரு வேகத்தில் நின்றுகொள்கிறது. த்ராட்டில் டயலைத் திருப்பினால் அசைவதில்லை. பூம், ஆர்ம் எல்லாம் மந்தமாகிவிடும். சாவியை அணைத்து, டீ குடித்துவிட்டு வந்து போட்டால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடுகிறது.

உள்ளூர் மெக்கானிக் குறை வந்த நேரத்திலேயே வந்து, ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தார். “60 ஓம் சரியாக இருக்கிறது. வயரிங்கில் பிழை இல்லை. இன்ஜின் ஈசியு சூட்டில் படுத்துவிடுகிறது” என்றார். புதிய ஈசியு இரண்டு லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள். வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று இங்கே வந்தேன்.

சங்ககிரி ஒர்க்‌ஷாப்

புதிது எதற்கு? ஸ்கிராப் யார்டில் அதே மாடல் ஈசியு கிடைக்கும். பத்தில் ஒரு பங்கு விலைக்கு வாங்கி மாட்டிப் பாருங்கள். ஓடினால் லாபம், இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். சூட்டில் போகிற குறை பெரும்பாலும் ஈசியு போர்டில் சாலிடர் விட்டதுதான்.

பழைய எலக்ட்ரீசியன் (கோவை)

ஈசியுவைக் கையில் எடுக்காதீர்கள், சார். நீங்கள் எழுதியதிலேயே அது உயிரோடு இருப்பதற்கான சான்று இருக்கிறது.

குறை வந்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறீர்கள். காமன் ரெயில் இன்ஜினில் ஒவ்வோர் இன்ஜெக்டரையும் நேரம் பார்த்துத் திறப்பது அந்த ஈசியுதான். அது படுத்திருந்தால், அல்லது அதற்கு வரும் மெயின் ரிலே விட்டிருந்தால், இன்ஜின் அந்த நொடியே நின்றிருக்கும். உங்கள் இன்ஜின் ஒரே வேகத்தில் நிற்கிறது. மேலே கேபினிலிருந்து “இவ்வளவு ஆர்பிஎம் வேண்டும்” என்று வர வேண்டிய கட்டளை வரவில்லை. ஆகவே ஈசியு தனக்குச் சொல்லிவைத்த இயல்பு வேகத்துக்குப் போய்விட்டது. அதே நேரத்தில் மானிட்டர் இன்ஜினின் எண்களை இழக்கிறது. இரண்டு பக்கமும் உயிரோடு இருக்கின்றன, நடுவில் பேச்சு மட்டும் நின்றிருக்கிறது.

அடுத்துச் செய்ய வேண்டியவை:

குறை வரும்போது பதிவாகும் பிழைக் குறியீடுகளை (எரர் கோடு) அழிக்காமல் எழுதி வையுங்கள். எந்தக் கன்ட்ரோலர் யாரைக் காணவில்லை என்று புகார் சொல்கிறது என்பதுதான் முக்கியம். மானிட்டரும் பம்ப் கன்ட்ரோலரும் “இன்ஜினைக் காணோம்” என்று சொல்லி, தங்களுக்குள் ஒன்றையொன்று குறை சொல்லாமல் இருந்தால், கேபினுக்குள் இருக்கும் வயர் நன்றாக இருக்கிறது. இன்ஜின் பக்கம் போகிற கிளையில் ஏதோ விட்டிருக்கிறது. எல்லாரும் எல்லாரையும் காணோம் என்றால் கதை வேறு: எங்கோ ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது ஒரு கன்ட்ரோலர் கண்டபடி கத்திக்கொண்டிருக்கும்.

சப்ளையையும் எர்த்தையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். மல்டிமீட்டர் மட்டும் வைத்தால் ஒரு இழை செம்பு ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் 24 வோல்ட் காட்டும். 24 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை ஈசியு சப்ளை வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் போட்டு, அது முழு வெளிச்சத்தில் எரிகிறதா என்று பாருங்கள். பல்பு எரியும்போதே எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் மீட்டர் வையுங்கள், 0.1 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் பட்டையைக் கழற்றிச் சுரண்டுங்கள்.

பிறகுதான் ஓம். வண்டி குளிர்ந்திருக்கும்போது, பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை அணைத்து, சில நிமிடங்கள் காத்திருந்து அளக்க வேண்டும். சாவியை அணைத்த பிறகும் சில கன்ட்ரோலர்கள் கொஞ்ச நேரம் விழித்திருக்கும். லைனில் மின்சாரம் இருக்கும்போது ஓம் அளந்தால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரண்டு வயர் லைனுக்குக் கேன் என்று பெயர்; கனரக வண்டிகளில் அதற்கான விதிமுறை ஜே1939. ஒன்பது ஊசி வட்ட சாக்கெட் என்றால், ஜே1939 முறைப்படி ஏ ஊசி பேட்டரி நெகட்டிவ், பி பாசிட்டிவ், சி கேன் ஹை, டி கேன் லோ. சி, டி இரண்டு ஊசிகளுக்கும் நடுவில் அளந்து சொல்லுங்கள். கேட்டர்பில்லர் வண்டி என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள்: அதில் கேன் தவிர கேட் டேட்டா லிங்க் என்று அவர்களுடைய சொந்த இணைப்பு ஒன்றும் இருக்கிறது, சாக்கெட்டில் ஊசிகளின் இடமும் வேறு.

மீட்டர் முனையைச் சாக்கெட்டின் துளைக்குள் குத்தித் திணிக்காதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுத வழியிருந்தால் எழுதியிருப்பேன்.

ஸ்கிராப் ஈசியு பற்றி ஒரு வார்த்தை. அதற்குள் அந்த இன்ஜினின் சீரியல் எண், குதிரைத்திறன் அமைப்பு, ஒவ்வோர் இன்ஜெக்டரின் திருத்தக் குறியீடு எல்லாம் எழுதப்பட்டிருக்கும். வேறு வண்டியின் ஈசியு மாட்டினால் ஓடினாலும் ஓடும். புகையும் அடிக்கும், பிறகு உண்மையான குறை எது, புதிதாகச் சேர்ந்த குறை எது என்று பிரிக்க முடியாது.

வவுனியா பெக்கோ

நாங்கள் இங்கே பெக்கோ என்று சொல்வோம். ஜப்பானில் ஓடிக் கழிந்தவைதான் எங்களுக்கு அதிகம் வருகின்றன. கப்பலில் உப்புக்காற்றுப் பட்டு வந்த, வயர்களை இணைக்கும் கப்ளர்களில் பச்சை பூத்திருப்பதை அடிக்கடி காண்கிறோம். கழற்றினால் வெளியே ரப்பர் புதிது போல இருக்கும், உள்ளே ஊசி அரித்துப் போயிருக்கும். பயன்படாத துளைக்குப் போடும் சிறிய அடைப்பான் ஒன்று விழுந்திருந்தால் போதும், பிரஷர் வாஷ் செய்யும்போது தண்ணீர் அந்த வழியாகவே இறங்கும்.

செம்மண் அண்ணா, இன்னொன்றையும் பாருங்கள். பல மாடல்களில் கன்ட்ரோலர் கெட்டுப்போனாலும் வேலையை முடித்துக்கொண்டு போகட்டும் என்று ஓர் அவசர சுவிட்ச் வைத்திருப்பார்கள். அதைப் போட்டால் பம்ப்பின் சொலனாய்டுக்குக் கன்ட்ரோலர் வழியாக அல்லாமல் ஒரு ரெசிஸ்டர் வழியாக மாறாத மின்சாரம் போகும். வண்டி வேலை செய்யும். ஆனால் லோடுக்குத் தக்கபடி பம்ப் இறங்கிக் கொடுக்காது, டீசல் அதிகம் குடிக்கும், பாரமான வேலையில் இன்ஜின் திணறும். பழைய வண்டி விற்பவர்கள் சிலர் இந்தச் சுவிட்சைப் போட்டுவைத்தே ஓட்டிக் காட்டுவார்கள். உங்கள் வண்டியில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தீர்களா?

செம்மண் (கரூர்)

அவசர சுவிட்ச் இயல்பு நிலையில்தான் இருக்கிறது, தம்பி. ஆனால் அதன் மேல்மூடி உடைந்து, சுவிட்ச் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. யாரோ நிறையப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பல்பு பிரகாசமாக எரிந்தது. எர்த்தும் சரி. கோடுகளை எழுதினேன். பம்ப் கன்ட்ரோலர், மானிட்டர் இரண்டும் இன்ஜினைக் காணவில்லை என்கின்றன. ஒன்றையொன்று எதுவும் சொல்லவில்லை. ஸ்கேனர் வைத்திருக்கும் நண்பர் இன்ஜின் பக்கத்துக் கோடு எஸ்பிஎன் 639, எஃப்எம்ஐ 9 என்றார். இதுவும் தொடர்புதானா?

இன்று காலை, குளிர்ந்த வண்டியில், பேட்டரியை அணைத்து அளந்தேன். 41 ஓம். மூன்று முறையும் 41தான். மெக்கானிக்குக்கு 60 வந்ததே? மீட்டரை மாற்றியும் பார்த்தேன்.

பழைய எலக்ட்ரீசியன் (கோவை)

எஸ்பிஎன் 639 என்பது ஜே1939 வலையின் முதல் லைனையே குறிக்கும். எஃப்எம்ஐ 9 என்றால் செய்தி வர வேண்டிய வேகத்தில் வரவில்லை. இன்ஜின் ஈசியுவும் “எனக்கு யாரும் பேசுவது கேட்கவில்லை” என்று தன் பங்குக்குப் புகார் எழுதியிருக்கிறது. செத்த ஈசியு புகார் எழுதாது.

இனி அந்த 41. கேன் லைன் இரண்டு வயர்கள் முறுக்கிய ஒரே நீண்ட பாதை. அதன் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று. கோடியில் அது இல்லையென்றால் அனுப்பிய சமிக்ஞை முட்டித் திரும்பி வந்து அடுத்த பிட்டின் மேல் விழும். இரண்டு 120 இணையாக இருப்பதால் எங்கே அளந்தாலும் 60. மூன்று 120 இணையாக இருந்தால் 40. உங்கள் வண்டியில் மூன்றாவது ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. தொழிற்சாலை அதைப் போட்டிருக்காது, பின்னால் யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் மெக்கானிக் அளந்த 60ஐ எடுங்கள். அவர் குறை வந்த நேரத்தில், சூட்டில் அளந்தார். நீங்கள் குளிரில் அளந்தீர்கள். இரண்டு மீட்டரும் சரியாகவே சொல்லியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். குளிரில் மூன்று ரெசிஸ்டரும் தெரிகின்றன, 40. சூட்டில் ஒன்று காணாமல் போகிறது, மிச்சம் இரண்டு, 60. காணாமல் போவது எது? இன்ஜின் பக்கத்துக் கோடியில் இருப்பது. நடுவில் எங்கோ ஒரு வயர் அறுந்து, இன்ஜின் ஈசியுவும் அதன் ரெசிஸ்டரும் சேர்ந்தே தொலைகின்றன. கேபின் பக்கம் மிச்சமிருக்கும் இரண்டும் சேர்ந்து புத்தகத்தில் இருக்கும் அதே எண்ணைக் காட்டுகின்றன.

அவர் பார்த்த 60 நல்ல லைனின் 60 அல்ல. அறுந்த லைனின் 60. மூன்றாவது ரெசிஸ்டர் இல்லாதிருந்தால் அன்றைக்கே 120 காட்டியிருக்கும், அவரும் உடனே வயரைத் தேடியிருப்பார். அவரைக் குறை சொல்வதற்கில்லை; புத்தகம் 60 பார் என்கிறது, அவரும் 60 பார்த்தார்.

முதலில் அந்த மூன்றாவதைக் கண்டுபிடித்துக் கழற்றுங்கள். அது லைனில் இருக்கும்வரை எந்த அளவும் பொய் சொல்லும். நிதி நிறுவனங்கள் மாட்டும் ஜிபிஎஸ் பெட்டி, பழைய உரிமையாளர் போட்ட டீசல் கணக்குக் கருவி, இப்படி ஏதாவது. சீட்டுக்குப் பின்னால், ஃபியூஸ் பெட்டிக்குக் கீழே, ஏசி டக்ட் ஓரம். கறுப்பு டேப் சுற்றிய இடமெல்லாம் பிரியுங்கள்.

சங்ககிரி ஒர்க்‌ஷாப்

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் 120 காட்டும் வண்டிகளும் பார்த்திருக்கிறேன், 40 காட்டும் வண்டிகளும் பார்த்திருக்கிறேன்; எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஓர் ஓம் கூடக் குறைய இருந்தால் வண்டி நின்றுவிடும் என்பது புத்தகக் கதை.

தோஹா பராமரிப்பு

சங்ககிரி சார் சொல்வது உண்மை, ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது.

கேன் முறையைப் போஷ் நிறுவனம் 1986இல் கார்களுக்காக வெளியிட்டது. இரைச்சலையும் அரைகுறை இணைப்பையும் தாங்கும்படியே அதை வடிவமைத்தார்கள். பேச்சில்லாதபோது இரண்டு வயரும் 2.5 வோல்ட்டில் நிற்கும். பேசும்போது ஹை 3.5க்கு ஏறும், லோ 1.5க்கு இறங்கும். நடுவில் இருக்கும் 2 வோல்ட் இடைவெளியைத்தான் கேட்பவர் பார்க்கிறார். அந்த இடைவெளி 0.9ஐத் தாண்டினாலே கேட்பவருக்குப் போதும். ரெசிஸ்டர் அதிகமானால் இடைவெளி சுருங்கும், ஆனாலும் 0.9க்கு மேல் மிச்சம் இருக்கும். பொக்லைனில் லைனின் நீளமும் குறைவு. கன்ட்ரோலர்கள் எல்லாம் சுழலும் மேல்பகுதியிலேயே இருக்கின்றன. செயின் பக்கம் ஹைட்ராலிக் மட்டும்தான் இறங்குகிறது. ஜே1939இன் வழக்கமான வேகம் நொடிக்கு 250 கிலோபிட். இந்த நீளத்தில், இந்த வேகத்தில், ஒரு ரெசிஸ்டர் இல்லாவிட்டாலும் வண்டி ஓடிவிடும்.

ஆனால் சமாளிக்க இருந்த இடம் குறைந்துவிட்டது. ஒவ்வொரு கன்ட்ரோலருக்குள்ளும் ஒரு பிழை எண்ணி இருக்கிறது. அனுப்பிய செய்தி கெட்டால் 8 கூடும், நன்றாகப் போனால் 1 குறையும். 127ஐத் தாண்டினால் அடங்கிப் பேசும். 255ஐத் தாண்டினால் தன்னைத்தானே லைனிலிருந்து துண்டித்துக்கொள்ளும். வெல்டிங் இரைச்சல், ஆல்டர்னேட்டர் குறை, தளர்ந்த எர்த் என்று இன்னொன்று சேரும் நாளில்தான் அந்த 40 ஓம் வெளியே தெரியும். எங்கள் தளத்தில் கோடை வெயிலுக்கு எல்லாமே வெளியே தெரிந்துவிடும்.

வெல்டிங் என்றதும் ஞாபகம் வருகிறது. குவாரியில் பக்கெட் பல்லுக்கு வெல்டிங் வைக்காத வாரம் இருக்காது. கட்-ஆஃப் சுவிட்சை அணையுங்கள், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், ஈசியு கப்ளர்களையும் கழற்றுங்கள், எர்த் கிளாம்ப்பைப் பக்கெட்டிலேயே மாட்டுங்கள். கிளாம்ப்பைச் செயினில் மாட்டிப் பக்கெட்டில் வெல்டிங் வைத்தால் கரண்ட் வண்டியின் நீளம் முழுக்க நடந்து போகும், போகிற வழியில் பேரிங்கையும் தின்னும்.

செம்மண் (கரூர்)

கிடைத்துவிட்டது. சீட்டுக்குப் பின்னால், பிளாஸ்டிக் மறைப்புக்கு உள்ளே, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஜிபிஎஸ் பெட்டி. இதற்கு முன்னால் இருந்தவருக்குக் கடன் கொடுத்தவர்கள் மாட்டியதாக இருக்க வேண்டும். கடன் முடிந்தும் யாரும் கழற்றவில்லை. சப்ளை, எர்த் தவிர இரண்டு வயர்கள் சாக்கெட்டுக்குப் போகும் மஞ்சள், பச்சை வயர்களில் தோல் சீவி முறுக்கி ஒட்டப்பட்டிருந்தன. சாலிடர் கிடையாது, ஸ்லீவ் கிடையாது, டேப் மட்டும்.

கழற்றியதும் 61 ஓம்.

மகிழ்ச்சியோடு வேலைக்கு அனுப்பினேன். மதியம் மறுபடியும் அதே பஸ்ஸர்.

பழைய எலக்ட்ரீசியன் (கோவை)

வந்துதான் ஆக வேண்டும், சார். பெட்டி குறையை மறைத்ததே தவிர உண்டாக்கவில்லை. இப்போது கண்ணாடி துடைத்தாயிற்று, இனி அளவு உண்மை பேசும்.

அடுத்த முறை குறை வந்ததும் வண்டியை ஆற விடாதீர்கள். இன்ஜினை நிறுத்தி, கட்-ஆஃப் போட்டு, கொஞ்சம் பொறுத்துச் சாக்கெட்டில் அளங்கள். 120 வர வேண்டும். வந்தால், கேபினுக்குப் பின்னால் கேபின் வயரிங்கும் இன்ஜின் வயரிங்கும் சேரும் பெரிய கப்ளருக்குப் போங்கள். அதைக் கழற்றுவதற்கு முன்னால், ஒருவர் சாக்கெட்டில் மீட்டரைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கப்ளரையும் அதன் இருபுறத்து வயரையும் மெல்ல அசைக்கட்டும். எண் குதிக்கும் இடம்தான் இடம். கழற்றி மாட்டினாலே சில நாளைக்குக் குறை ஓடி ஒளிந்துகொள்ளும். ஆகவே அசைத்துப் பார்க்காமல் கழற்றாதீர்கள்.

கழற்றிய பிறகு கேபின் பக்கம் ஹைக்கும் லோவுக்கும் நடுவில் அளங்கள், இன்ஜின் பக்கமும் அளங்கள். இரண்டிலும் 120 வந்தால் இரு பக்க வயரும் நல்லவை, குற்றவாளி கப்ளர். இன்ஜின் பக்கம் திறந்திருந்தால் அங்கிருந்து ஈசியு வரை தேட வேண்டும். ஒரு எச்சரிக்கை: ரெசிஸ்டர் சில வண்டிகளில் ஈசியுவுக்கு உள்ளேயே இருக்கும், சிலவற்றில் லைன் கோடியில் தனி மூன்று ஊசிக் கப்ளராகத் தொங்கும். உள்ளே இருக்கும் வண்டியில் ஈசியுவைக் கழற்றினால் 120 காட்டுவது இயல்பு. அதைப் பார்த்து “ஈசியுவைக் கழற்றினால் எண் மாறுகிறது, ஆகவே ஈசியுதான்” என்று யாராவது சொன்னால் வாசல் வரை போய் வழியனுப்பி வையுங்கள்.

அந்தக் கேபின் வயரில் தோல் சீவிய இடத்தையும் அப்படியே விடாதீர்கள்.

செம்மண் (கரூர்)

பிரேக்கர் அடிக்கும்போது வந்தது. உடனே நிறுத்தி அளந்தேன்: 121. என் தம்பி கப்ளருக்குப் போய் வயரைத் தொட்டதும் 61, விட்டதும் 121. மீட்டரைப் பார்த்துக்கொண்டு அங்கேயே சத்தம் போட்டேன், ஆபரேட்டர் பாம்பு என்று நினைத்து ஓடிவந்தார்.

கழற்றினோம். கேபின் பக்கம் 120, இன்ஜின் பக்கம் 120. கப்ளருக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் பச்சையோ தண்ணீரோ எதுவும் இல்லை. லோ வயரின் பெண் ஊசி (எதிர்ப்பக்க ஊசியை வாங்கிக்கொள்ளும் துளை ஊசி) மட்டும் வாய் அகன்று இருந்தது. பக்கத்துத் துளைகளில் ஒரு தனி ஊசியை நுழைத்தால் பிடித்து இழுக்கிறது. இதில் விட்டால் சும்மா உள்ளே விழுந்து வெளியே விழுகிறது.

பழைய எலக்ட்ரீசியன் (கோவை)

அந்தத் துளையில் எப்போதோ ஒருவர் மீட்டர் முனையைத் திணித்திருக்கிறார். குளிரில் எப்படியோ தொட்டுக்கொண்டிருக்கும். சூடாகி இளகி, பிரேக்கர் அதிரத் தொடங்கியதும் விலகும். ஒரு வயர் போனால் போதும், லைன் போயிற்று.

மூக்குக் கொறடாவால் நசுக்கிச் சரிசெய்யலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். அந்த ஊசிக்குள் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் தகடுதான் பிடிமானம் கொடுப்பது. அது ஒருமுறை அகன்றால் திரும்பாது. ஊசியை மாற்றுங்கள். டாய்ச் டிடி வகைக் கப்ளராக இருந்தால் 16 என்ற அளவு ஊசி. மின் உதிரிக் கடைகளில் தனியாகவே கிடைக்கும். அதற்குரிய கிரிம்பிங் கருவியால் நசுக்கி, இழுத்துப் பார்த்து, பின்னால் ரப்பர் அடைப்பு முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பூட்டுத் தகட்டைப் போடுங்கள். முன்பக்கப் பூட்டுத் தகடு இல்லாமல் மாட்டிய கப்ளர்கள் பழைய வண்டிகளில் ஏராளம். தகடு இல்லையென்றால் ஊசி பின்னால் தள்ளிக்கொண்டு போய்விடும்.

சங்ககிரி ஒர்க்‌ஷாப்

இவ்வளவு எதற்கு? கேபினிலிருந்து ஈசியு வரைக்கும் புதிதாக இரண்டு வயர் மேலாக இழுத்துவிட்டால் அரை நாளில் வேலை முடிந்தது. நான் செய்து கொடுத்த வண்டிகள் ஓடுகின்றன.

தோஹா பராமரிப்பு

சாதாரண இரட்டை வயர் இழுத்தால் ஓடும், சார். ஆல்டர்னேட்டர் வயருக்குப் பக்கத்தில் போகும்வரை ஓடும். இரண்டு வயரும் முறுக்கியிருப்பதால்தான் வெளி இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவு ஏறி, வித்தியாசம் மாறாமல் நிற்கிறது. இழுத்தே ஆக வேண்டும் என்றால் அங்குலத்துக்கு ஒரு முறுக்காவது இருக்கட்டும். அறுந்த பழைய வயரை இரண்டு முனையிலும் பிரித்துவிடுங்கள். இல்லையென்றால் அது பாதிவழியில் தொங்கும் கிளையாகவே கிடக்கும். நீளமான கிளைக்கு ஜே1939 இடம் தருவதில்லை.

வவுனியா பெக்கோ

கப்ளருக்குள் கிரீஸ் போடலாமா? எங்கள் ஊரில் அள்ளி அப்புகிறார்கள்.

பழைய எலக்ட்ரீசியன் (கோவை)

சாதாரண கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். சிலிக்கான் வகை என்றால் ரப்பர் அடைப்பின் மேல் விரல்நுனி அளவு. ஊசிக்கு வேண்டாம். இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு, நான் மாறுவதாக இல்லை.

செம்மண் (கரூர்)

ஊசி மாற்றியாயிற்று. சீவிய இடத்தை வெட்டி, சாலிடர் வைத்து, பசை தடவிய ஸ்லீவ் போட்டு முறுக்கிவிட்டோம். சாவி போட்டு அளந்தபோது ஹை 2.6, லோ 2.4. முழு வெயிலில் பிரேக்கர் அடித்தும் ஒரு சத்தம் இல்லை.

ஆனால் வேறொன்று கிளம்பியிருக்கிறது. நண்பர் ஸ்கேனர் மாட்டி ஈசியுவுக்குள் பார்த்தார். மானிட்டரில் 8,200 மணி ஓடியதாக இருக்கிறது. ஈசியு 14,600 மணி என்கிறது. 8,200 என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள்.

வவுனியா பெக்கோ

மானிட்டர் மாற்றியிருப்பார்கள், அண்ணா. இது பழைய கதை.

பழைய எலக்ட்ரீசியன் (கோவை)

அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். ஈசியுவும் வேறு வண்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம். சங்ககிரி நண்பரின் வைத்தியத்தை உங்களுக்கு முன்னால் யாராவது செய்திருக்கலாம். ஈசியுவுக்குள் பதிந்திருக்கும் இன்ஜின் சீரியல் எண்ணை இன்ஜின் பிளேட்டில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்று என்றால் 14,600தான் இன்ஜின் வயது. வேறு என்றால் ஈசியுவின் மணிக்கணக்குக்கு மதிப்பில்லை, இன்ஜெக்டர் குறியீடுகளையும் சரிபார்க்க வேண்டியிருக்கும். மானிட்டரின் பின்புற லேபிளில் தயாரித்த ஆண்டு இருந்தால் அதையும் பாருங்கள். வண்டியின் பிளேட்டை விடப் புதிதாக இருந்தால் விடை தெரிந்துவிடும்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் ஸ்கேனரோடு போங்கள். இன்ஜின் மணி, மானிட்டர் மணி, பழைய கோடுகள் மூன்றையும் விலை பேசுவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். எல்லாக் கோடும் அன்று காலைதான் அழிக்கப்பட்டது போல வெறுமையாக இருந்தால், சூடேறும்வரை ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

செம்மண் (கரூர்)

சீரியல் எண் பொருந்துகிறது. மானிட்டர் லேபிள் வண்டியை விட ஐந்து ஆண்டு புதிது. விற்றவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்; தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார், எழுத்தில் தர மறுக்கிறார்.

கடைசியாக ஒரு கேள்வி. எனக்குக் கடன் கொடுத்தவர்களும் ஜிபிஎஸ் மாட்ட ஆள் அனுப்புகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒப்பந்தத்தில் இடமில்லை.

தோஹா பராமரிப்பு

மாட்டட்டும். வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிய அவர்களுக்குச் சப்ளை, எர்த், சாவி லைன் மூன்று வயர் போதும். கேன் வயரைத் தொட வேண்டியதில்லை. இன்ஜின் தகவலும் வேண்டும் என்று அடம்பிடித்தால், உள்ளே 120 ஓம் இல்லாத பெட்டி, அல்லது அதை ஜம்பரால் அணைக்கக்கூடிய பெட்டி கேளுங்கள். வயரைச் சீவாமல் மேலிருந்தே படிக்கும் கிளிப் வகையும் உண்டு. மாட்டுகிறவர் கிளம்புவதற்கு முன்னால் நீங்களே கட்-ஆஃப் போட்டுச் சாக்கெட்டில் அளந்துவிடுங்கள். 60 வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பழைய எலக்ட்ரீசியன் (கோவை)

60 வந்தாலும், பெட்டியைக் கழற்றி ஒருமுறை, மாட்டி ஒருமுறை அளங்கள். இரண்டு முறையும் அதே 60 வர வேண்டும்.